நிலைபேறும் லக்கலயின் சேனையும்

நிலைபேறான அபிவிருத்தியின் வரலாற்றை 1972இன் ஸ்ரொக்ஹோம் மாநாட்டில் தொடங்கி, 1987இன் புருண்ட்லண்ட் அறிக்கை வழியே 1992இன் ரியோ மாநாட்டிற்குக் கொண்டுவந்து சேர்ப்பது பல்கலைக்கழக விரிவுரைகளின் வழக்கமாகிவிட்டது. மேலும் பின்னோக்கிச் செல்வோர், சுரங்கத் தொழிலுக்கு மரம் தட்டுப்படுமென அஞ்சிச் சக்சனி நாட்டுக் கார்லோவிற்ஸ் 1713இல் வெளியிட்ட வனவியல் நூலைச் சுட்டுவர். மாத்தளை மாவட்டத்து லக்கலயின் உழவனுக்கு இவ்வரலாற்றில் இடமில்லை. உண்டெனின் அது காடழிப்பவன் என்னும் இடமே.

இப்பழி ஆராயத்தக்கது. நக்கிள்ஸ் மலைச்சாரலில் பள்ளத்தில் நெல்லும் மேட்டில் சேனையுமாக வாழ்ந்தவர்கள் லக்கல மக்கள். காட்டை வெட்டிச் சுட்டு, ஓரிரு போகம் குரக்கன் விதைத்து, பின்னர் பல்லாண்டுகள் நிலத்தைக் காட்டிடமே விட்டுவிடுவதுதான் சேனை. தரிசுக்காலம் நீண்டிருக்கும்வரை மண் தேறும், குறுகினால் கெடும். அதனைக் குறுக்கியது எது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடும் தரிசும் முடிக்குரியன என அனுமானித்தது. கண்டிப் பிரதேசத்துச் சேனை நிலங்களுக்கோ, சன்னஸ் முதலிய சான்று காட்டாவிடின் உரிமையே இல்லை என்றது. நிலத்தைத் தரிசாக விடுவது உழவனின் அறிவு. அவ்வறிவையே அவனது உரிமையின்மைக்குச் சான்றாக்கிய சட்டத்தை என்னென்பது! முடிக்குரிய மலைகள் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. அவை மொட்டையான பின்னரே, 1873இல், 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்கலாகாதென அரசு கண்விழித்தது.

மக்கட்பெருக்கமே சேனையைக் கெடுத்தது என்பார் உளர். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயின், பெருகிய மக்களுக்கு எஞ்சிய நிலத்தை அளந்து கொடுத்தவர் யாரென அவர்கள் வினவுவதில்லை.

1997இல் சர்வதேச நீதிமன்றத்தில் நீதியரசர் வீரமந்திரி, நிலைபேறான அபிவிருத்திக்கு முன்னோடியாக இலங்கையின் பண்டைய குளங்களை எடுத்துக்காட்டினார். பெருமைக்குரியதே. குளத்திற்குக் கல்வெட்டும் வம்சகதையும் உண்டு. சேனைக்காக எம்மன்றில் எவர் வாதிட்டார்?

அண்மை வரலாறும் வேறன்று. வறண்ட வலயத்து வயல்களுக்கு நீர் வேண்டுமென்பதை மறுப்பாரில்லை. அந்நீருக்காக எழுந்த களு கங்கை நீர்த்தேக்கத்துள் லக்கலயின் பழைய நகரம் அமிழ்ந்தது. மாற்றாக 2018இல் திறக்கப்பட்ட புதிய நகருக்குப் பசுமை நகரம் என்று பெயர் சூட்டினர். மேலே நக்கிள்ஸ் காடு 2000இல் பேணற்காடாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமையும் ஆயிற்று. அக்காட்டினுள் சேனை வெட்டுவது இன்றும் தண்டனைக்குரிய குற்றம்.