நெஞ்சில் குழாயோடு வாழும் சகோதரிக்கு



வேலணையில் நான் அடிக்கடி சந்திக்கும் ஓர் அக்கா யுத்தத்தில் கணவரை இழந்தவர். இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்ததால், கிழமையில் இரண்டு நாள் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் சென்று குருதிச் சுத்திகரிப்புச் செய்து வருகிறார். இதற்காகக் கையில் நாடியையும் நாளத்தையும் இணைப்பதே நல்லது. அது அவருக்குச் சரிவரவில்லை. எனவே கழுத்து நாளத்தினூடாக இதயம்வரை செல்லும் குழாயொன்றை வைத்து, அதன் வெளிமுனையை நெஞ்சுத் தோலினூடாக எடுத்துள்ளார்கள். இதைத்தான் கதீற்றர் என்கிறோம். புற்றுநோய் மருந்து ஏற்றவும் இத்தகைய குழாய் வைப்பதுண்டு.

ஒரு வருடம் கடந்தபின் அவரது முகம் காலையில் வீங்கத் தொடங்கியது. "தண்ணி கூடக் குடிச்சிட்டீங்கள் போல, அக்கா" என்றேன் நான். "இல்லைப் பிள்ளை, சத்தியமாய் அளந்துதான் குடிக்கிறன்" என்றார். நான் முழுதாக நம்பவில்லை. அவரோ பயத்தில், வெயிலிலும் தொண்டை நனைக்காமல் இருந்தார். வீக்கம் குறையவில்லை.

பிறகு கிளினிக்கில் ஒரு தாதி கவனித்தார். கால்களில் வீக்கமே இல்லை. ஆனால் கழுத்திலும் நெஞ்சிலும் நாளங்கள் புடைத்து நின்றன. குழாய் நீண்டகாலம் உராய்ந்து, தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் குருதியை இதயத்துக்குக் கொண்டுவரும் பெருநாளம் தழும்பேறிச் சுருங்கியிருந்தது. பலூன் செலுத்தி அதை விரித்தபின் முகம் பழையபடி ஆனது. பிழை அவர் குடித்த தண்ணீரில் இல்லை. அவர் சொன்னதை நான் நம்பாததில்தான்.

இது அரிதான சிக்கல். ஆனால் அறிகுறிகளை வீட்டிலேயே கவனிக்கலாம். முகம், கழுத்து, அல்லது ஒரு கை மட்டும் வீங்குதல். குனியும்போது தலை கனத்தல். படுத்தால் மூச்சு முட்டுதல். இவை இருந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்கக் கூடாது.

இன்னும் சில ஆபத்துகளையும் அறிந்திருப்போம்.

கிருமித் தொற்று அரிதானதல்ல. ஆனால் அதே கிருமி சிலவேளை குருதியோடு சென்று இதய வால்வையோ முள்ளந்தண்டையோ தாக்கும். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தாலோ, காய்ச்சலோடு நாரி வலி நீடித்தாலோ, பனடோலைப் போட்டுவிட்டுப் படுக்க வேண்டாம். நெடுந்தீவு, நயினாதீவுச் சகோதரிகள் காய்ச்சல் தொடங்கியதுமே, கடைசிப் படகு போகுமுன் புறப்படுங்கள்.

குழாயின் மூடி கழன்றால் காற்று உள்ளே புகுந்து இதயத்தை அடையலாம். உடனே குழாயிலுள்ள கிளிப்பை இறுக்குங்கள். திடீரென மூச்சுத் திணறினால் இடப்பக்கமாக, தலை தாழ்ந்திருக்கப் படுக்க வையுங்கள். 1990 அம்புலன்சை அழையுங்கள்.

குழாய் வெடித்தாலோ அறுந்தாலோ, அந்த இடத்துக்கும் உடலுக்கும் இடையில் மடித்து இறுக்கிப் பிடியுங்கள். முழுதாக வெளியே வந்துவிட்டால் படுக்க வைத்து, கழுத்தின் அடியிலும் நெஞ்சுத் துவாரத்திலும் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். வந்த குழாயைத் திரும்ப உள்ளே தள்ள வேண்டாம்.

கிணற்றடியில் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக் குளிப்பது நமது வழக்கம். குழாய் உள்ளவர் அப்படிக் குளித்தால் கட்டு நனையும். உடம்பைத் துணியால் துடைப்பதே பாதுகாப்பு. குழாய்க்கு அருகே சேலைப் பின் குத்த வேண்டாம், கத்தரிக்கோல் கொண்டுபோக வேண்டாம். குழாய் எவ்வளவு காலம் தேவை, கையில் இணைப்புச் செய்ய முடியுமா என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நம்மில் பலர் தனியே வாழ்கிறோம். இரவில் கிளிப்பை இறுக்க இன்னொரு கை வேண்டும். ஆகவே பக்கத்து வீட்டுப் பெண்ணொருத்தியை அழைத்து இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். குழாயில் கிளிப் எங்கே இருக்கிறது என்பதையும் காட்டி வையுங்கள்.

அந்த அக்கா இப்போதும் தண்ணீரை அளந்துதான் குடிக்கிறார். நான் இப்போது முதலில் அவர் சொல்வதைக் கேட்கிறேன். பிறகுதான் என் புத்திமதி.

அடுத்த மாதம் சந்திப்போம்.