கோடையில் தொடங்கும் குளிர்காலம்

விடுமுறை என்றதும் நமக்கு ஓய்வு நினைவுக்கு வருகிறது. பூதிகோட்டைப் பக்கத்து ஓட்டு வீடுகளில் அதுவே ஓயாத உழைப்புக் காலம்! ஐதர் அலி பிறந்த ஊர் என்று வரலாறு அவ்வூரைப் போற்றும். அங்கே புளி உடைக்கும் கைகளைப் போற்றுவார் யார்?

கோலார் மேட்டுநிலம் கடல்மட்டத்திற்கு 2,500 அடிக்கு மேற்பட்டது. மார்கழிக் குளிர் எலும்பை நடுக்கும். அதற்கு முன்னே ஐப்பசி மழை. வெயில் இருக்கும்போதே புளியைக் கொட்டை நீக்கி, உப்பிட்டு, பானையில் அழுத்தியாக வேண்டும். துவரைக்குச் செம்மண் கட்ட வேண்டும். வரட்டி அடுக்க வேண்டும். ராகிக்குக் கவலையில்லை, பூச்சி அண்டாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும். உப்பு ஈரத்தைப் பிடித்துப் பூஞ்சையைத் தடுக்கும் என்று நாம் வகுப்பில் படித்தோம்; நம் தாய்மார் செய்தே அறிந்தவர்கள். இது அறிவன்றோ? வீட்டு வேலை என்று இரண்டு சொல்லில் ஒதுக்குவது முறையா?

கல்லூரியிலிருந்து வந்த தங்கை புளியின் முன் உட்காருகிறாள். அதே கல்லூரியிலிருந்து வந்த அண்ணன் திண்ணையில் செய்தித்தாள் விரிக்கிறான். தேர்வு இருவருக்கும் ஒன்றுதானே! 2001-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் அவ்வட்டாரத்தில் பலர் வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். வீட்டில் மிஞ்சும் கைகள் குறைவு. அண்ணன்மாரே, இந்தச் சித்திரையில் ஏணியை எடுங்கள். மழைக்கு முன் மாற்ற வேண்டிய ஓடுகள் கூரையில் இருக்கின்றன. இறங்கியதும் புளியும் இருக்கிறது.