தில்லித் தீர்ப்பு டெலிகிராமுக்கு எழுதப்பட்டதல்ல

“படிக்கத்தானே எடுக்கிறோம், விற்கவா போகிறோம்? தில்லி ஹைகோர்ட்டே சரியென்று சொல்லிவிட்டது.” கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் முழுப் பாடநூல் பிடிஎஃப் கைமாறும்போதெல்லாம் இந்த வாதமும் கூடவே வருகிறது. சட்டம் தெரிந்த தொனியில் சொல்லப்படுவதால் யாரும் மறுப்பதில்லை.

முதலில் அந்தத் தீர்ப்பைப் பார்ப்போம். 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்களும் டெய்லர் அண்டு பிரான்சிஸும் தில்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும், அதன் வளாகத்திலிருந்த ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடையின் மீதும் வழக்குப் போட்டன. பாடத்திட்டத்தில் உள்ள பகுதிகளைப் பல நூல்களிலிருந்து நகலெடுத்து, ஒரே கட்டாகக் கட்டி மாணவர்களுக்கு விற்றது அந்தக் கடை. 2016 செப்டம்பரில் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். டிசம்பரில் மேல்முறையீட்டை விசாரித்த அமர்வும் முக்கியமான இடத்தில் மாணவர் பக்கமே நின்றது. கற்பித்தலின் போக்கில் ஆசிரியரும் மாணவரும் நகலெடுப்பதை 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. கற்பித்தல் என்பது வகுப்பு நடக்கும் ஒரு மணி நேரம் மட்டுமல்ல என்றது அமர்வு.

கொண்டாட வேண்டிய தீர்ப்புதான். ஆனால் அதே அமர்வு, எடுத்த பகுதிகள் பாடத்துக்குத் தேவையானவைதானா, முழுப் புத்தகங்களை நகலெடுத்தது செல்லுமா என்ற கேள்விகளை விசாரணைக்கே திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. ஆக, முழுப் புத்தகம் பற்றிய கேள்விக்கு அந்த வழக்கில் விடையே வரவில்லை. நம் மாணவர்கள் தீர்ப்பென்று காட்டுவது, விசாரிக்கப்படாமல் போன அந்தக் கேள்வியைத்தான்.

இதற்கு நேரெதிரான மூடநம்பிக்கையும் உண்டு: பத்து சதவீதத்துக்கு மேல் எடுத்தால் குற்றம் என்பது. 52-ஆவது பிரிவு கற்பித்தலுக்கு அப்படி ஒரு சதவீதக் கணக்கே வைக்கவில்லை. எத்தனை பக்கம் என்பதைவிட எதற்காக என்பதையே அமர்வு அளவுகோலாக்கியது. பேராசிரியர் பாடமாக வைத்த நாற்பது பக்க அத்தியாயத்தை ஜெராக்ஸ் எடுக்கத் தயங்குகிறவர், எண்ணூறு பக்க நூலைக் கூசாமல் டெலிகிராம் சேனலில் ஏற்றிவிடுகிறார். உரிமை இருக்கிற இடத்தில் பயம், இல்லாத இடத்தில் துணிச்சல்!

காசு வாங்கவில்லை என்பதும் நிற்காது. ராமேஸ்வரி கடை காசு வாங்கியது. அது அங்கே தடையாகவில்லை. மறுபக்கம், தெரிந்தே செய்யும் மீறலுக்கு 63-ஆவது பிரிவு ஆறு மாதம் முதல் மூன்றாண்டுவரை சிறைத்தண்டனை வைத்திருக்கிறது. வணிக லாப நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம், அவ்வளவுதான். வகுப்புத் தோழிக்கு ஓர் அத்தியாயத்தைக் கொடுப்பது வேறு. முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு இணைப்பைத் திறந்துவிடுவது வேறு.

யாரென்று கண்டுபிடிக்க முடியாது என்பவர்களுக்கு: போட்டித் தேர்வுப் பயிற்சியாளர் நீத்து சிங் தொடுத்த வழக்கில், அவருடைய பாடங்களைப் பரப்பிய சேனல்களை நடத்தியவர்களின் தொலைபேசி எண், ஐபி முகவரி உள்ளிட்ட விவரங்களைத் தரும்படி 2022 ஆகஸ்டில் அதே தில்லி உயர் நீதிமன்றம் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்ற வாதம் எடுபடவில்லை.

யூடியூபில் வீடியோவுக்குக் கீழே ‘ஃபேர் யூஸ், 107-ஆவது பிரிவு’ என்று ஒட்டுகிறார்களே, அது அமெரிக்கச் சட்டம். இங்கே அதற்கு வேலையில்லை.

மிச்சமிருப்பது, வேறு வழியே இல்லை என்ற வாதம். இதில் மட்டும் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. 2025-இல் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் சுமார் 13,000 ஆய்விதழ்களைத் திறந்துவிட்டாலும், முதல் கட்டத்தில் அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான். சுயநிதிக் கல்லூரி மாணவர் வெளியே நிற்கிறார். அவர் ஆய்வுக் கட்டுரையை எழுதியவருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலென்றால், வணிக நோக்கில்லாத பொது நூலகம் தன் பயன்பாட்டுக்கு மூன்று பிரதிவரை எடுத்து வைத்துக்கொள்ள அதே 52-ஆவது பிரிவு இடம் தருகிறது. நூலகரிடம் போய்க் கேளுங்கள்.