‘இல்லை’ வேறு, ‘வேண்டாம்’ வேறு

தமிழில் நிரல் எழுதிப் பழகும் மாணவர்கள் ‘ஆம் / இல்லை’ பொத்தான்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கோப்பெங்கில் எனக்குத் தெரிந்த ஐந்தாம் படிவ மாணவர் ஒருவர், கோயில் ரசீதுகளைப் பதிந்துவைக்கப் பைத்தானில் சிறு நிரல் எழுதினார். ‘இந்த ரசீதை அழிக்கவா?’ என்று பெட்டி தமிழில் கேட்டது. கீழே ‘யெஸ்’, ‘நோ’. விண்டோஸின் ஆயத்த உரையாடல் பெட்டிகளில் பொத்தான் சொற்கள் நம் நிரலிலிருந்து வருவதில்லை. கணினி எந்த மொழியில் இயங்குகிறதோ அந்த மொழியிலேயே வரும். தம்பி விடவில்லை, சொந்தமாகப் பெட்டி செய்து ‘ஆம்’, ‘இல்லை’ என்று போட்டார். கோயில் பொருளாளர் பார்த்துவிட்டு, “தம்பி, ‘இல்லை’ய அமுக்கினா ரசீது இல்லாம போயிடுமா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது நியாயமான கேள்வியாகவே பட்டது.

ஆங்கிலத்தில் ‘நோ’ எல்லாவற்றுக்கும் போதும். தமிழில் அப்படியில்லை. ‘தண்ணி கலக்கவா?’ என்று அம்மா கேட்டால் ‘வேண்டாம்’ என்போம். ‘இல்லை’ என்று யார் சொல்வார்? ‘கேன்சல்’ இன்னும் மோசம். ‘முன்பதிவை ரத்து செய்யவா?’ என்ற கேள்விக்குக் கீழே ‘சரி’, ‘ரத்து’ என்று இரண்டு பொத்தான் இருந்தால் எதை அமுக்குவது?

‘ஓகே’ ஒன்றும் வேதவாக்கு அல்ல. 1980களின் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணினியில் அந்த இடத்தில் ‘டூ இட்’ என்றுதான் இருந்தது. சோதித்தவர்களில் ஒருவர் அதை ‘டோல்ட்’, அதாவது மடையன், என்று படித்துக் கோபித்துக்கொண்டாராம். மெக்கிண்டாஷ் குழுவில் இருந்த ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் இதை எழுதியிருக்கிறார். அதன் பிறகே ‘ஓகே’ வந்தது. ஒருவர் தவறாகப் படித்ததற்காகச் சொல்லையே மாற்றினார்கள். நம் பொருளாளருக்காக நாம் மாற்றக் கூடாதா?

ஆயத்தப் பெட்டி ஒரே வரியில் முடிந்துவிடும், பயனருக்கும் பழகியது என்பீர்கள். ‘சேமிக்கப்பட்டது’ என்று தகவல் சொல்ல அது போதும், ‘சரி’ என்ற ஒரு பொத்தான் தாராளம். அழிப்பது, அனுப்புவது போன்ற இடங்களில் பத்து வரி கூடுதலாக எழுதி, செயலையே பொத்தானில் போடுங்கள்: ‘அழி’, ‘வேண்டாம்’. முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கிய நாடு இது. திரையில் தமிழ் எழுத்து வருவது இன்று பெரிய காரியமில்லை. எந்தச் சொல் வருகிறது என்பதுதான் மிச்சம்.

என்டர் விசையைத் தட்டினால் எந்தப் பொத்தான் அமுங்கும் என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். விண்டோஸின் ஆயத்தப் பெட்டியில் நீங்கள் குறிப்பிடாவிட்டால் அது முதல் பொத்தான்தான், அதாவது ‘யெஸ்’.