நாள் தெரிந்த கூட்டம்

கார்த்திகை தொடங்கித் தை முடியும்வரை கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சாலைகளில் இரண்டு கூட்டங்கள் சேர்ந்தே நகர்கின்றன. ஒன்று, மாலை அணிந்து திருவண்ணாமலைக்கும் மற்றக் கோயில்களுக்கும் நடந்து செல்வோர் கூட்டம். இன்னொன்று, மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்கள், லாரிகளின் கூட்டம். நடப்பவர்கள் வெயிலுக்கு அஞ்சி இரவில் கிளம்புகிறார்கள். ஆலை வாசலில் முன்னதாக இடம்பிடிக்கக் கரும்பு வண்டிகளும் இரவில்தான் கிளம்புகின்றன. டிரெய்லரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கரும்புத் தோகை பின்விளக்கை மறைத்துவிடும். கறுப்பு வேட்டி கட்டி நடக்கிறவர் இருட்டோடு இருட்டாகிவிடுவார். இந்த இரண்டையும் முந்திச் செல்லப் பின்னால் ஒரு கார் வேகமெடுக்கும்போதுதான் விபத்து நடக்கிறது.

விபத்து நடந்த பிறகு ஓட்டுநரைத் திட்டுகிறோம். இல்லையென்றால், ‘இருட்டில் ரோட்டில் ஏன் நடந்தார்கள்?’ என்று கேட்கிறோம். இரண்டும் பாதி நியாயம்தான். வெள்ளம் எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. ஆனால் பௌர்ணமியும் திருவண்ணாமலைக் கார்த்திகை தீபமும் எந்த நாளில் வரும் என்பது பஞ்சாங்கம் கையில் உள்ள எல்லோருக்கும் ஓராண்டு முன்பே தெரியும். நாள் தெரிந்து வரும் கூட்டத்தை எதிர்பாராமல் வந்ததாகக் கருதி ஒவ்வோராண்டும் கடைசி நேரத்தில் தடுமாறுவது நம் எல்லோருடைய குறை.

இந்த மண்ணுக்கு வழிநடைக்காரர்கள் புதியவர்கள் அல்லர். முதலாழ்வார் மூவரும் சந்தித்ததாக வைணவ மரபு சொல்லும் இடம் திருக்கோவிலூர். மழை இரவில் ஒதுங்கக் கிடைத்தது ஒரு வீட்டின் இடைகழி. அதில் ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். அப்படி இடம் பங்கிட்டு நின்ற மூவரிடையேதான் இறைவன் வந்து நெருக்கினான் என்பது கதை. தை மாதத்தில் திருவண்ணாமலை அருணாசலேஸ்வரரே தீர்த்தவாரிக்காகத் தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டைக்கு எழுந்தருளுகிறார். வழிநெடுகச் சத்திரம், கிணறு, புளியமரம், தலைச்சுமையை ஆள்துணையின்றி இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல் என்று அமைத்தவர்கள் நம் முன்னோர்கள். சாலை அகலமானபோது இவற்றில் பலவும் போயின. அவற்றின் இடத்தில் என்ன வைத்தோம் என்பதுதான் கேள்வி.

நடப்பவர்கள் செய்ய வேண்டியது

கள்ளக்குறிச்சியிலிருந்து திருவண்ணாமலைக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். வேண்டுதல் மட்டும் அந்தத் தூரத்தைக் கடத்திவிடாது. உடம்பும் பழகியிருக்க வேண்டும். புறப்படுவதற்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பிருந்தே தினமும் நடந்து, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். யாத்திரைக்கென்று புதுச் செருப்பு வாங்கி அன்றைக்கே மாட்டாதீர்கள். கொப்புளம் வந்தால் ஊசியால் குத்தாமல், சுத்தமான துணியால் மூடிக் கட்டுங்கள்.

வெறுங்காலுடன் நடப்பது வேண்டுதல் என்றால், தார் கொதிக்கும் முன்பே நிழல் பார்த்து ஒதுங்குங்கள். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு முள் தைத்ததுகூடத் தெரியாது. விரதத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டால் சர்க்கரை சட்டென இறங்கி மயக்கம் வரும். மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதால் விரதத்துக்குப் பங்கம் வந்துவிடாது. வியர்வையில் இழந்த உப்பை வெறும் தண்ணீர் ஈடுகட்டாது. ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால் போதும், மோரும் நல்லது.

சாலையில் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலப்பக்கம், தாரை விட்டு இறங்கி, மண்தடத்தில் ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். முன்னால் போகிறவர் கையில் வெள்ளை டார்ச், கடைசியாக வருபவர் முதுகில் சிவப்பு விளக்கு, எல்லோர் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர். இதற்கு ஆகும் செலவு ஒருவேளைச் சாப்பாட்டுக் காசுதான். காதில் பாட்டு வேண்டாம். குழுவை வழிநடத்தும் குருசாமி எப்போதும் முன்னால் போக வேண்டும் என்பதில்லை. குழுவில் மெதுவாக நடப்பவர் முன்னால் போனால் யாரும் பின்தங்க மாட்டார்கள்.

பந்தல் போடுவோருக்கு

அன்னதானம் செய்பவர்களின் மனசு பெரியது. ஆனால் பந்தல் எங்கே என்பதையும் பார்க்க வேண்டும். வளைவிலோ, தார் விளிம்பை ஒட்டியோ போட்டால் சோறு வாங்க வருகிற கூட்டம் சாலையில்தான் நிற்கும். நடப்பவர்கள் வரும் பக்கத்திலேயே, சாலையைவிட்டு உள்ளே தள்ளிப் போட்டால் யாரும் குறுக்கே ஓட வேண்டியதில்லை. காலையில் கிளறிய சாதத்தை மாலையில் பரிமாறாதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை உண்டு. தண்ணீர்க் கேனும் நாலு எவர்சில்வர் டம்ளரும், குப்பைக்கு இரண்டு சாக்கும் வைத்து, மறுநாள் காலையில் அந்த இடத்தைக் கூட்டிக் கொடுத்தால்தான் தானம் நிறைவாகும்.

அரசும் ஆலையும் ஊராட்சியும்

பழனிக்கு நடப்பவர்களுக்காகத் திண்டுக்கல்–பழனி சாலையில் தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் ஆளந்தி, தேஹூ ஆகிய இடங்களிலிருந்து பண்டரிபுரம் செல்லும் வார்க்கரி பக்தர்களுக்காக, நெடுஞ்சாலையோடு நடைபாதையும் அமைக்கும் பணிக்கு 2021 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். நம் மாவட்டத்தில் நாளைக்கே அப்படி ஒரு பாதை வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திராமல் செய்யக்கூடியவை நிறைய.

தீபத்துக்கு ஒரு மாதம் முன்பே மாவட்ட நிர்வாகம் ஒரு கூட்டம் போடட்டும். நெடுஞ்சாலைத் துறையும் காவல் துறையும் மட்டும் வந்தால் போதாது. சர்க்கரை ஆலை அதிகாரிகள், டிராக்டர் உரிமையாளர்கள், ஊராட்சித் தலைவர்கள், குருசாமிகள், அன்னதானக் குழுவினர் ஒரே மேசையில் உட்கார வேண்டும். கூட்டம் மிகும் இரண்டு, மூன்று இரவுகளில் கரும்பு வண்டிகளின் நேரத்தை ஆலை மாற்றித் தரலாம். பின்னால் ஒளிப்பட்டை ஒட்டாத டிரெய்லரை ஆலை வாசலிலேயே நிறுத்தலாம். சாலையோரச் சீமைக்கருவேலத்தை ஊரக வேலைத் திட்டத்தில் வெட்டலாம். இரவில் பள்ளிக் கழிப்பறையைத் திறந்துவிட ஊராட்சிக்கு ஒரு சாவியும் ஓர் ஆளும் போதும். நடந்து வருவோரில் பெண்கள் எத்தனை பேர் என்று பார்த்தால், இதை ஏன் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது விளங்கும்.

சில ஆண்டுகளில் ‘வேண்டாம்’ என்று சொல்வதும் பொறுப்புதான். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி பெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு தீபத்தன்று மலையேறப் பக்தர்களுக்கு அனுமதி தரவில்லை. அது போன்ற முடிவுகளைக் குருசாமிகளே முன்னின்று குழுவினரிடம் சொன்னால் காவலருக்கு வேலை பாதி குறையும்.

மலைக்கும் சேர்த்து

இந்த மாவட்டத்து ஆறுகளான கோமுகியும் மணிமுக்தாவும் கல்வராயன் மலையில்தான் பிறக்கின்றன. தங்கள் தெய்வமான கரிராமனை முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து சுமந்துவந்ததாகச் சொல்லும் மலையாளிப் பழங்குடியினரின் மலை அது. ஜாகிர்தார்களின் கையிலிருந்த இம்மலையை 1976-இல்தான் அரசு ஏற்றது. சாலை தாமதமாக வந்த சிற்றூர்களில், பள்ளிக்கும் சந்தைக்கும் இன்றும் நடந்துதான் போகிறார்கள். யாத்திரை முடித்துவிட்டு மேகம் அருவியையும் பெரியார் அருவியையும் பார்க்கப் போகிறவர்கள் குறுக்குவழி தேடி வனத்துக்குள் நுழையக் கூடாது. காய்ந்த புல்லருகே கற்பூரமோ அடுப்போ பற்றவைக்கக் கூடாது.

பக்தருக்காக வெட்டிய மண்தடத்தில் மறுநாள் மாணவர்கள் நடப்பார்கள். தீபத்துக்காகப் போட்ட தெருவிளக்கு, விடியுமுன் கரும்பு வெட்டப் போகும் பெண்களுக்கும் எரியும். பாதயாத்திரை ஏற்பாட்டை ஏதோ ஒரு மதத்துக்கான சலுகை என்றோ, நான்கு நாள் கூத்து என்றோ ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம் இதுதான். நடந்து போவதைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் இந்த மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் இருக்கிறார்கள். அடுத்த தீபத்துக்கான கூட்டத்தை ஆட்சியர் அழைப்பார் என்று காத்திருக்காமல், வரும் கிராமசபையிலேயே இதற்கென ஒரு தீர்மானத்தை எழுதிக் கொடுக்க ஒவ்வொரு ஊரும் முன்வர வேண்டும்.