மறைபேழையும் பொதுநிலமும்

மறைத்தலும் தேடலும் மாந்தர்க்கு இயல்பான விளையாட்டுகள். மணலை நீள வரம்பாகக் குவித்து, அதனுள்ளே சிறு குச்சியொன்றை ஒளித்து, எதிரிருப்பவனைக் கைகோத்து மூடச் செய்யும் கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்தை அறியாத தமிழ்ச் சிறார் ஒரு காலத்தில் அரியர். மணல் மிகுந்த மன்னார்க் கரைக்கு அவ்விளையாட்டு மிகவும் பொருந்துவதே. அதன் இயல்பையொத்த விளையாட்டொன்று இன்று செய்மதியின் துணைகொண்டு உலகெங்கும் பரவியுள்ளது. ஆங்கிலத்தில் அதனை ஜியோகேஷிங் என்பர். ஒருவர் சிறு பேழையொன்றைப் பொதுவிடத்தில் மறைத்து, அவ்விடத்தின் அகலாங்கு நெட்டாங்கு எண்களை இணையத்தில் வெளியிடுவார். ஏனையோர் கைத்தொலைபேசியுடன் சென்று தேடிக் கண்டு, உள்ளிருக்கும் ஏட்டிற் பெயர் பொறித்து, பேழையை முன்போல் வைத்து மீள்வர். இதனை யாம் ஈண்டு மறைபேழை விளையாட்டு என வழங்குவோம்.

இவ்விளையாட்டின் பிறப்பு அண்மையது. செய்மதி வழங்கும் இடங்காட்டிக் குறிகளிற் பொதுமக்களுக்கென வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையை, ஐக்கிய அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதனாற் பொதுமக்களின் கருவிகள் முன்னிலும் ஏறத்தாழப் பத்துமடங்கு துல்லியம் பெற்றன. மே 3ஆம் நாள் டேவ் உல்மர் என்பார் ஒறிகன் மாநிலத்தில் ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்து, அதன் இட எண்களை வெளியிட்டார். அதற்கு முந்திய மரபும் ஒன்றுண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் ஜேம்ஸ் பெரற் என்னும் வழிகாட்டி 1854இல் ஒரு போத்தலை வைத்து, அங்கு வருவோர் தம் பெயர்ச்சீட்டை அதனுள் இட்டுச் செல்ல வழிசெய்தார் என்பர். எளிதிற் சென்றடைய இயலாத இடத்துக்கு மக்களை நடந்துசெல்லத் தூண்டுவதே இரண்டினதும் பயன்.

இத்துணை எளிய விளையாட்டுக்குத் தடை எதற்கு என வினவுதல் இயல்பே. ஆயினும் தடைகள் எழுந்தமைக்குக் காரணங்கள் உள. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில், நிருவாகியின் இசைவின்றிப் பேழை வைத்தல் ஆகாது. அதே நாட்டின் தென் கரோலைனா மாநிலத்தில், இடுகாடுகளிலும் தொல்லிடங்களிலும் இசைவின்றி இவ்விளையாட்டை ஆடுதலைக் குற்றமாக்கும் சட்டமூலமொன்று 2005இற் கீழவையில் நிறைவேறியது. பின்னர் அது சட்டமாகாது போயிற்று. இங்கிலாந்தின் வெதர்பி நகரில் 2011ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஓர் உணவகத்தின் அருகே ஒருவர் பேழை மறைத்ததைக் கண்டோர் ஐயுற்றுப் பொலிசாருக்கு அறிவித்தனர். படையினரின் வெடிபொருட் பிரிவு வந்து அதனைத் தகர்த்தது. உள்ளே விளையாட்டுக்குரிய பொருள்களையன்றி வேறொன்றும் இருந்ததில்லை.

இவ்விளையாட்டு நம் நாட்டில் இன்னும் பரவலாக அறியப்படவில்லை. ஆயினும் கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிதாகிவிட்ட இக்காலத்தில் அது பரவுதற்கு நெடுநாள் வேண்டா. 1937ஆம் ஆண்டின் விலங்கு தாவரப் பாதுகாப்புச் சட்டமும், 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டமும் இவ்விளையாட்டைக் கருதி எழுந்தவையல்ல. ஆகவே விளையாட்டு வந்தபின் அஞ்சி முழுத்தடை விதிப்பதிலும், வருமுன்னரே நிதானமாக விதி வகுத்தல் நன்று. அவ்விதி எத்தகையதாதல் வேண்டும் என்பதை மன்னார்த் தீவையும் அதன் எதிர்க்கரையையும் முன்வைத்து ஆராய்வதே எமது நோக்கம்.

முதலில் நம் நிலத்தின் இயல்பை நோக்குவோம். திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்த மாந்தை, பண்டைய பெருந்துறைமுகம். அங்கு 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நிகழ்ந்த அகழ்வு, சீனத்தோடும் மேற்காசியாவோடும் இக்கரை கொண்டிருந்த வாணிகத்தைப் புலப்படுத்தியது. இத்தகைய நிலத்தில் மண்ணடுக்கே வரலாற்று ஏடு. ஒரு சாண் ஆழக் குழி தோண்டினும் அவ்வேட்டின் ஒரு பக்கம் கிழிந்துபோம். அரிப்புக் கடற்கரையில், பிரித்தானியரின் முதலாவது ஆள்பதி பிரடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடுதற்கென 1801ஆம் ஆண்டளவிற் கட்டத் தொடங்கிய மாளிகை இடிபாடாய் நிற்கின்றது. அதனை நம்மவர் அல்லிராணிக் கோட்டை என்பர். தொல்பொருட் சட்டம் 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாளை எல்லையாகக் கொள்வதால், இவ்விடிபாடும் அதன் காப்புக்குட்பட்ட காலத்ததே. இலங்கையிற் புதையல் ஆசை இன்னும் மாண்டொழியவில்லை. அவ்வாசையால் தொல்லிடங்களைக் களவாகத் தோண்டுவோர் பற்றிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. இடிபாடொன்றில் ஏதோ மறைந்துள்ளதென எண்களோடு உலகுக்கு அறிவித்தால், விளையாட்டை அறிந்தோர் மட்டுமே அங்கு வருவர் என்பதற்கு உறுதியில்லை.

இரண்டாவது, பறவைகள். வங்காலைச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டு, 2010இல் ராம்சார் சமவாயத்தின்கீழ் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. மாரிக்காலத்தில் வடபுலத்திலிருந்து வரும் வாத்துகளும் கரைப்பறவைகளும் அங்குத் தங்கி இரைதேடுகின்றன, பூநாரைகளையும் காணலாம். தலைமன்னாருக்கு அப்பால் உள்ள மணற்றிட்டுகள் 2015இல் ஆதாம்பாலத் தேசியப் பூங்காவாயின. அத்திட்டுகளில் ஆலாக்கள் வெறுமணலிலேயே முட்டையிடும். மணலின் நிறத்தையொத்த அம்முட்டைகளைத் தேடுவோரின் கண் காணாது, கால்தான் காணும். தொலைபேசி காட்டும் இடமோ திறந்த வெளியிலும் சில மீற்றர் பிழைபடும். எனவே பேழையைத் தேடுபவர் ஓரிடத்தில் நில்லாது சுற்றிச்சுற்றி மிதிப்பர். வழியோடு செல்லும் நூறு பேரால் நேராத கேடு, வழிவிலகித் தேடும் பத்துப் பேரால் நேரும்.

மூன்றாவது காரணம் நம் மக்களின் நெஞ்சில் உள்ளது. 2009இல் முடிந்த போரின்பின் மன்னார் மாவட்டத்திற் கண்ணிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நடந்தது. அறியாப் பொருளைத் தொடாதே என்பது இம்மாவட்டத்துச் சிறார் பள்ளியிற் கற்ற பாடம். 2019 ஏப்பிரல் 21ஆம் நாளுக்குப் பின்னர், உரியவரின்றிக் கிடக்கும் பொதியொன்று நாடெங்கணும் அச்சம் தருவதாயிற்று. புதருக்குள் ஒரு பெட்டியைக் கண்டால் திறந்து பார் எனச் சொல்லும் விளையாட்டு, அப்பாடத்தை நேரே மறுக்கின்றது. வெதர்பியில் ஒரு காலைப்பொழுதின் குழப்பமாக முடிந்தது இங்கே அவ்வளவில் முடியாது.

இக்காரணங்களால் முழுத்தடையே தக்கதென்று கூறுவோர் இருப்பர். அவர்தம் அக்கறையை யாம் மதிக்கின்றோம், முடிபை ஏற்கோம். தடை என்னும் சொல்லை இம்மண்ணின் மக்கள் எவ்வாறு கேட்கின்றனர் என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம் மக்களுள் முசலிப் பிரதேசத்தாரும் அடங்குவர். போர் முடிந்தபின் அவர்கள் மீண்டனர். 2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காடு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, தாம் வாழ்ந்த நிலமும் அதனுள் அகப்பட்டதென அவர்கள் மறிச்சுக்கட்டியிற் பல நாள் போராடினர். காடு காக்கப்படுதல் வேண்டுமென்பதில் ஐயமில்லை. ஆனால் மக்களை உசாவாது வரைபடத்தில் இழுத்த கோடு, காட்டின்மீதே வெறுப்பை வளர்க்கும். நம் பூங்காக்களுக்கு விதி வகுப்போர் இதனை மறத்தலாகாது.

இன்னொரு மறுப்பும் எழும். விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்தின் 168 ஹெக்டேயரை நீருயிர்ப் பண்ணைகளுக்காக விடுவிக்கும் வர்த்தமானி 2024இல் வெளிவந்து வழக்கு எழுந்தது; அத்தகைய நாட்டில் உள்ளங்கையளவு பேழைக்கு விதி வேண்டுமோ என்பர். கேள்வி நியாயமானதே. ஆயினும் பெரிய தவறு சிறிய தவறுக்கு உரிமைச்சீட்டாகாது. சிறியவற்றிற் பொதுநிலத்தைப் பேணப் பழகிய மக்களே பெரியவற்றில் அதனைக் காக்க வாய்திறக்கும் தகுதி பெறுவர்.

ஆகவே எமது துணிபு இது: தடை பேழைக்கு உரியது, தேடலுக்கு உரியதன்று. பேழையின்றியும் இவ்விளையாட்டு நடக்கும். குறித்த இடத்துக்குச் சென்று, அங்குள்ளதை உற்றுநோக்கினாலன்றி விடைகூற இயலாத வினாவுக்கு விடை கண்டால் அதுவே கண்டெடுத்தலாகக் கொள்ளப்படும். நிலவியலை அவ்வாறு கற்பிக்கும் வகையொன்று 2004 முதல் பிற நாடுகளில் வழங்கிவருகின்றது. பேழையை மறுக்கும் அமெரிக்கப் பூங்காக்களிலும் இவ்வகைக்கு இடமளிப்பதுண்டு.

நம் கரையில் இதற்குக் குறைவான பொருளோ? பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் அடிச்சுற்று 19 மீற்றருக்கு மேற்பட்டது. எத்தனை மாணவர் கைகோத்தால் அதனைச் சூழலாம் என்பதை நூலிற் படித்து அறிதல் வேறு. கைகோத்து அறிதல் வேறு. 1560இற் போர்த்துக்கேயர் அமைத்து, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மன்னார்க் கோட்டையின் மதிலில் எந்தக் கற்கள் கடலீன்ற கற்கள் என வினவலாம். கண்டியில் ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1679இல் தப்பி வந்து சேர்ந்த அரிப்புக் கோட்டையில் நின்று, அவர் எத்திசையிலிருந்து வந்திருப்பார் என வினவலாம். அல்லிராணிக் கோட்டையையோ கடல் அரித்துவருகின்றது. கரைவிளிம்பை அணுகாது, நிலப்பக்கத்து நிலையான குறியொன்றிலிருந்து எஞ்சிய சுவர்கள்வரை ஆண்டுதோறும் நாடாவால் அளந்து பதிந்தால், எவ்வாண்டில் எவ்வளவு சுவர் கடலிடம் போயிற்று என்பதற்கு அவ்வளவைகள் பின்னர்ச் சான்றாகும்.

விதிகள் சுருக்கமாயிருத்தல் நன்று. தொல்லிடங்களிலும் சரணாலயங்களிலும் தேசியப் பூங்காவிலும் பேழை அறவே ஆகாது. வினாவும், உரிய இசைவு பெற்ற பின்னரே, வகுத்த பாதையிலிருந்து விடை காணத்தக்கதாய் இருத்தல் வேண்டும். பறவைகள் கூடும் பருவத்தில் சரணாலய வினாக்களை நிறுத்திவைத்தல் தகும். நகரசபை, பிரதேச சபைப் பூங்காக்களிற் பேழைக்கு இடமளிக்கலாம். ஆனால் அது உள்ளிருப்பது புறத்தே தெரியும் கண்ணாடித்தன்மை உடையதாய், மும்மொழியிலும் விளையாட்டின் பெயரும் வைத்தவரின் தொடர்பெண்ணும் எழுதப்பட்டதாய், மண்ணிற் புதையாததாய் இருத்தல் வேண்டும். இசைவை ஓராண்டுக்கு வழங்கி, பூங்காக் காவலரிடமும் பொலிசாரிடமும் பட்டியலின் படியொன்று இருக்கச் செய்தால் வீணச்சம் ஒழியும். விண்ணப்பத்துக்கு இத்தனை நாளுள் விடை தரப்படும் என்றும் சபை உறுதி கூறல் வேண்டும். விடை வாராத விண்ணப்பம் தடையினும் கொடிது. அது நேர்மையானவனையும் களவாய்ச் செய்யத் தூண்டும்.

கல்லூரியின் பழைய மாணவராகிய நமக்கு இதிலொரு கடமை உண்டு. விழா மலர்களில் முன்னோர் பெருமை பேசுதல் எளிது. அப்பெருமை கிடக்கும் நிலத்தில் நம் பிள்ளைகளின் கால் படச் செய்தல் அதனினும் அரிது. மன்னார்ப் பாலத்தைக் கடக்கும் பிள்ளைகள் பலர் பேருந்தின் சாளரத்தினூடே கடலைக் கண்டதன்றி, அக்கரையில் நடந்தறியார். இவ்வாண்டு இருபது வினாக்களை இயற்றி, தமிழிலும் ஏனைய இரு மொழிகளிலும் அச்சிட்டு, இசைவுக்கு விண்ணப்பிக்கும் பொறுப்பைப் பழைய மாணவர் சங்கம் மேற்கொள்ளுமாயின், சபையோர் விதிவகுக்க ஒரு முன்மாதிரி கிடைக்கும். மாந்தையின் மண்ணும் வங்காலையின் நீரும் கலையாமல், மாணவர் அவற்றை நெருங்கி அறிதற்கு வழியும் பிறக்கும்.