பலூச்சிக் கம்பளமும் பவானி ஜமக்காளமும்

வீட்டிற்கு உறவினர் வந்துவிட்டால் நம்மவர் இல்லங்களில் முதலில் விரிக்கப்படுவது ஜமக்காளம். காப்பி வருவது அதன் பிறகுதான். நிச்சயதார்த்தத்திற்கும் அதுவே, துக்கம் கேட்க வருவோர் அமர்வதும் அதன் மீதே. இவ்வளவு நெருங்கிய பொருளைப் பற்றி இப்பகுதியில் நாம் இதுவரை ஒரு வரியேனும் எழுதியதில்லை. இம்மாதம் எழுத நேர்ந்ததற்குக் காரணம் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வியே.

நண்பர் நமது சங்கக் கூட்டங்களுக்குத் தவறாமல் வருபவர். அண்மையில் சென்னைக்குச் சென்று திரும்பினார். அங்கே ஒரு கடையில், "நூறாண்டுப் பழமையான பலூச்சிக் கம்பளம்" என்று ஒன்றைக் காட்டினார்களாம். விலையோ அவருடைய சில மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும் போலிருந்ததாம். "பழைய கம்பளங்களைச் சேர்ப்பது பெரிய மனிதர்களின் பொழுதுபோக்காமே! அதில் அப்படி என்னதான் இருக்கிறது, ஐயா?" என்று வினவினார். நாம் கம்பள வணிகரும் அல்லோம், சேகரிப்போரும் அல்லோம். எனினும், படித்தும் கேட்டும் அறிந்தவற்றைச் சொன்னோம். சொல்லிக்கொண்டு வருகையிலேயே நம் வீட்டுப் பரண் நினைவிற்கு வந்து நெஞ்சைச் சுட்டது. அவ்விரண்டையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

பலூச்சிக் கம்பளம் என்னும் பெயரைக் கேட்டவுடன், அது பாகிஸ்தானிலுள்ள பலூச்சிஸ்தானத்தில் நெய்யப்பட்டது என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. இப்பெயரால் உலகச் சந்தையில் வழங்கும் முடிச்சுக் கம்பளங்களிற் பெரும்பாலானவை ஈரானின் கிழக்கிலுள்ள கொராசான், சீஸ்தான் பகுதிகளிலும், ஆப்கானிஸ்தானின் மேற்கில் ஹெராத் நகரைச் சூழ்ந்த பகுதிகளிலும் நெய்யப்பட்டவை. நெய்தோர் எல்லாரும் பலூச்சிகளும் அல்லர். அவர்களுக்கு அண்டையில் வாழ்ந்த தைமூரி முதலிய பிற இனத்தாரும் நெய்தனர். சந்தையிலிருந்தோர் எல்லாவற்றிற்கும் ஒரே பெயரைச் சூட்டிவிட்டனர்.

நெய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆட்டு மந்தையோடு இடம் பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்கள் அவை. தரையில் முளையடித்து, இரண்டு கட்டைகளுக்கிடையே பாவு நூலை இழுத்துக் கட்டினால் அதுவே தறி. புறப்படும் நாள் வந்துவிட்டால் முளைகளைப் பிடுங்கி, பாதி நெய்ததைச் சுருட்டி, விலங்கின் முதுகில் ஏற்றிக்கொண்டு போகலாம். ஆகையால்தான் அக்கம்பளங்கள் பெரும்பாலும் சிறியவை. தொழுகை விரிப்பு, சேணப்பை, தலையணை உறை, உணவு பரிமாறும் விரிப்பு என்று வீட்டிற்கு வேண்டியவற்றையும் அவர்கள் நெய்துகொண்டனர். மணமகளுடன் செல்லும் சீரிலும் அவை இடம்பெற்றன.

இரண்டு பாவு நூல்களைச் சேர்த்து ஒரு கம்பளி இழையைச் சுற்றி முடிந்து அறுப்பது ஒரு முடிச்சு. ஒரு வரிசை முடிந்ததும் ஊடை நூலைச் செலுத்தி, சீப்புப் போன்ற கருவியால் அடித்து இறுக்குவர். ஒரு சதுர அங்குலத்தில் 80 முடிச்சு என்றே கொள்வோம். ஆறடி நீளம், மூன்றடி அகலமுள்ள ஒரு கம்பளத்தில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட முடிச்சுகள் இருக்கும். சமையலுக்கும் மந்தைக்கும் பிள்ளைக்கும் இடையே கிடைத்த நேரத்தில் ஒரு பெண் இட்ட முடிச்சுகள் அவை.

நிறங்களோ மிகச் சில. மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து சிவப்பு, அவுரியிலிருந்து நீலம், ஒட்டக நிறத்துக் கம்பளி அப்படியே. கரும்பழுப்பு நிறத்திற்கு இரும்பு கலந்த சாயமிடுவர். அந்த இரும்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் கம்பளியை அரித்துவிடும். கருமையான இடம் தாழ்ந்து, சிவப்பும் நீலமும் மேலெழுந்து நிற்கும். சேகரிப்போர் கம்பளத்தின் மீது விரலை ஓட்டிப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1856ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பெர்க்கின் என்னும் இளைஞர் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதன் பின்னர் அத்தகைய சாயங்கள் கீழ்நாடுகளுக்கும் பரவின. மலிவான அச்சாயங்களுட் சில வெயிலில் வெளுத்தன, நீரில் கரைந்தன. அதனால் இயற்கைச் சாயமிட்ட பழையவற்றிற்கு மதிப்புக் கூடிற்று.

இம்மதிப்பும் நெடுநாளையது அன்று. பாரசீக நகரங்களின் நேர்த்தியான கம்பளங்களுக்கு முன்னே பலூச்சிக் கம்பளம் நீண்ட காலம் ஏழைச் சரக்காகவே கருதப்பட்டது. மேனாட்டுச் சேகரிப்போர் அதனைப் பெருவாரியாகத் தேடத் தொடங்கியது 1970களிலேதான். தேவை பெருகவே போலியும் பெருகிற்று. புதியதை இரசாயனத்தில் கழுவியும், தேயிலை நீரில் தோய்த்தும், பழையது போல் ஆக்குவோர் உண்டு. எனவே நண்பருக்கு மூன்று சோதனைகளைச் சொன்னோம். முதலாவது, கம்பளத்தை மடித்து இழையின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். நுனி வெளுத்து அடியில் மட்டும் பளிச்சென்று வேறு நிறம் தெரிந்தால் ஐயப்பட வேண்டும். இரண்டாவது, ஈரமான வெள்ளைத் துணியால் ஒற்றியெடுத்தால் சாயம் ஒட்டுகிறதா என்று காண வேண்டும். மூன்றாவது, பின்புறத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். முன்புறம் தேய்ந்திருக்கப் பின்புறம் மட்டும் நேற்று நெய்தது போலிருந்தால், தேய்த்தது காலமா, மனிதனா என்று கேட்க வேண்டும்.

நண்பர் இன்னொன்றும் கேட்டார்: "இதை நெய்தவர் யார் என்று கடைக்காரரிடம் கேட்கலாமா?" கேட்கலாம், விடை கிடைப்பது அரிது. இன ஊகம் கிடைக்கும், வட்டாரம் கிடைக்கும், ஏறத்தாழக் காலமும் கிடைக்கும். நெய்தவளின் பெயர் மட்டும் கிடைக்காது. 1979ஆம் ஆண்டு சோவியத் படை ஆப்கானிஸ்தானத்தினுள் நுழைந்த பிறகு, மரமும் மலரும் இருந்த இடத்தில் பீரங்கி வண்டியும் ஹெலிகாப்டரும் நெய்த கம்பளங்கள் தோன்றின. இலட்சக் கணக்கானோர் பாகிஸ்தானிலும் ஈரானிலும் அகதிகளாயினர். அவ்வாறு ஓடிய குடும்பம் கையிலிருந்ததை விற்கும்போது அதன் கதையை யார் எழுதி வைப்பார்? வாங்கியவர் வீட்டில் அது அழகுப் பொருள். விற்றவர் வீட்டில் அது சில நாள் உணவு.

நம் நாட்டிலும் பெயரற்ற கைகள் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் பல சிறைச்சாலைகளில் கைதிகளைக் கொண்டு கம்பளம் நெய்வித்தனர். விண்ட்சர் அரண்மனையில் உள்ள 80 அடி நீளமும் 40 அடி அகலமும் உடைய பெருங்கம்பளம், 1890களில் விக்டோரியா மகாராணிக்காக ஆக்ரா சிறைக் கைதிகள் நெய்தது. இத்தகைய சிறைக் கம்பளங்களின் போட்டியால் பரம்பரை நெசவாளரின் கலை கெடுகிறது என்று ஜார்ஜ் பேர்ட்வுட் என்னும் ஆங்கிலேய அறிஞரே 1880ஆம் ஆண்டிலேயே குறைப்பட்டுக்கொண்டார். மகாராணியின் பெயர் நிலைத்தது. முடிச்சிட்ட கைதிகளை அறிவார் எவர்? செல்லுலார் சிறையின் நிழலில் வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி, நம் ஜமக்காளத்திற்கு வருவோம். பவானி ஆறு காவிரியோடு கலக்கும் பவானி ஊர் ஈரோடு மாவட்டத்தில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் ஆலைத் துணி வந்து குவிந்து கைத்தறியை நெருக்கியபோது, அங்கிருந்த ஜங்கமர் என்னும் நெசவாளர் தடித்த வண்ணப் பருத்தி நூலால் விரிப்புகளை நெய்யத் தொடங்கினர். பிழைப்பிற்கு வழி தேடிய கைகளே நம் ஜமக்காளத்தை உருவாக்கின. இதில் முடிச்சில்லை. ஊடை நூலை நெருக்கி அடிப்பதால் பாவு மறைந்து, பட்டை பட்டையாக நிறங்கள் தெரியும். குழித்தறியில் அமர்ந்து நெய்வர். பெரிய அளவாயின் இருவர் அருகருகே அமர்வதுமுண்டு. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே உரியதென ஒதுக்கியது. 2005-06ஆம் ஆண்டில் பவானி ஜமக்காளத்திற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும் விசைத்தறிப் போலிகள் அதன் பெயரிலேயே விற்பனையாகின்றன. தறிகளும் குறைந்து வருகின்றன.

நம் குற்றத்தையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். எம் தாயார் இத்தீவிற்குக் கப்பலேறியபோது படுக்கையை ஒரு ஜமக்காளத்தில் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். சிவப்பும் பச்சையும் கலந்த பட்டைகள். ஓரத்தில் வெள்ளை நூலால் இரண்டு எழுத்துகள் தைக்கப்பட்டிருந்தன. தாயார் காலமான பின் அது பரணில் கிடந்தது. வீட்டிற்குச் சுண்ணாம்படித்த சமயம், பூசணம் பிடித்த பழைய துணி என்று கருதி, தெருவில் வந்த பழந்துணிக்காரரிடம் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பெற்றுக்கொண்டோம். சில திங்கள் கழித்து எம் தமக்கையார் ஊரிலிருந்து தொலைபேசியில் பேசுகையில், "அம்மா கல்யாணத்துக்குத் தாத்தா பவானிக்கே போய் வாங்கி வந்தாரே, அந்த ஜமக்காளம் பத்திரமாக இருக்கிறதா, தம்பி? ஓரத்தில் அம்மாச்சி கையால் தைத்த எழுத்து இருக்குமே!" என்று கேட்டார்கள். நமக்கு நா எழவில்லை. அந்த இரண்டு எழுத்துகள் யாவை என்பதும் இன்று நமக்கு நினைவில்லை. வாளியோ அடுத்த கோடையிலேயே விரிசல் விட்டது.

பலூச்சிப் பெண்ணின் பெயரை இழந்தது போரும் வறுமையும் சந்தையும். நம் பாட்டியின் எழுத்தை இழந்தது நம் அசட்டை ஒன்றே. நண்பர் கேட்ட கேள்விக்கு நாம் அளித்த முடிவான விடையும் இதுவே: "ஊரார் வீட்டுக் கம்பளத்தை வாங்குமுன், உம் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்று பாரும்."

நேயர்களே, இத்தீவுகளில் வாழும் நம்மவர் பல வழிகளில் வந்தவர்கள். பர்மாவிலிருந்து வந்தோர் உண்டு. இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டோர் உண்டு. ஊரை விட்டு ஓடியபோதும் கப்பலேறியபோதும் எடுத்து வந்தவை மிகச் சில. அவற்றிலும் எவ்வளவோ 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையோடு போயிற்று. எஞ்சியிருப்பதையேனும் நாம் காக்க வேண்டாமா?

காப்பது கடினமன்று. இங்கே மே முதல் டிசம்பர் வரை மழை. ஈரமே துணிக்கு முதற் பகை. ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள வறண்ட நாட்களில் விரிப்பை வெளியே எடுத்து, தூசியைத் தட்டி, சிறிது நேரம் இளவெயிலிலும் பிறகு நிழலிலும் காயவிடுக. மடித்து வைத்தால் மடிப்பில் இற்றுப்போகும். மூங்கிற் கழியிலோ அட்டைக் குழாயிலோ சுருட்டி வைப்பதே நன்று. பழைய வேட்டியால் சுற்றுக. பிளாஸ்டிக் தாளில் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூசணம் பிடிக்கும். காய்ந்த வேப்பிலையைச் சிறு துணிப் பையிலிட்டு உடன் வைக்கலாம். துவைக்குமுன் ஒரு மூலையை மட்டும் நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்க.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. ஒரு சிறு வெள்ளைத் துணியில், யார், எப்போது, எந்த ஊரில் வாங்கியது, எந்தக் கப்பலில் யாருடன் வந்தது என்பதை எழுதி, விரிப்பின் பின்புற மூலையில் தைத்து வைத்துவிடுங்கள். வீட்டிலுள்ள முதியோரிடம் இன்றே கேளுங்கள். அவர்கள் சொல்ல ஆவலாகவே இருப்பார்கள். எம் தமக்கையாரை ஓராண்டிற்கு முன் கேட்டிருந்தால் நாமும் இன்று இப்படி வருந்தியிருக்க மாட்டோம்.

அடுத்த சங்கக் கூட்டத்திற்கு இயன்றவர்கள் தங்கள் வீட்டுப் பழைய ஜமக்காளத்தைக் கொண்டுவருக. விலை பேச அன்று. விரித்து, அதன் மீதே அமர்ந்து, அதன் கதையைப் பேசுவதற்கு. நாம் வெறுங்கையோடுதான் வருவோம்; கேட்பதற்கு முதல் வரிசையில் அமர்ந்திருப்போம்.